கீழே இடம் விட்ட மலை

அந்த யோசனை எனக்கு வந்தது ஒரு பிஸ்கட் டின் மூடியைப் பார்த்தபோது.

சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சாபீஸில் அன்று மத்தியானம் ஓவியர் காலண்டர் டிசைன் ஒன்றை முடித்துக்கொண்டிருந்தார். பனி மூடிய மலை, அடிவாரத்தில் நீல ஏரி, ஏரியில் இரண்டு அன்னம், கரையில் ஒரு மர வீடு, வீட்டின் புகைபோக்கியிலிருந்து சுருள் சுருளாகப் புகை. தாளின் கீழ்ப்பாதி வெறுமனே கிடந்தது. அது எப்போதும் அப்படித்தான் கிடக்கும். அங்கேதான் கடைக்காரரின் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடிப்போம். பெயருக்குக் கீழே தினமும் கிழிக்கிற தேதிக்கட்டை ஒட்டுவோம். ‘கீழே இடம் விடு’ என்பது எங்கள் அச்சாபீஸில் புதிதாகச் சேருகிறவனுக்குச் சொல்லப்படும் முதல் வாக்கியம். பலருக்குக் கடைசி வாக்கியமும் அதுதான். அதற்கு மேல் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

சாத்தூரிலிருந்து ஆர்டர் கொடுக்க வந்திருந்த எண்ணெய்க் கடைக்காரர் படத்தை எட்டிப் பார்த்து, இது எந்த ஊர் மலை என்று கேட்டார். முதலாளி ஓவியரைப் பார்த்தார். ஓவியர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிவிட்டு, மேஜைக்கடியிலிருந்து ஒரு சீமை பிஸ்கட் டின்னின் மூடியை எடுத்துக் காட்டினார். அதில் அதே மலை, அதே ஏரி, அதே புகை. அன்னம் மட்டும் அவர் கைச்சரக்கு. எண்ணெய்க் கடைக்காரர் பூரண திருப்தியோடு தலையாட்டிவிட்டு ஆர்டர் கொடுத்துப் போனார்.

நான் எரிச்சலில் மொட்டைமாடிக்கு ஏறினேன். அங்கே நின்று மேற்கே பார்த்தால் மலைத்தொடர் நீளத்துக்குக் கிடக்கிறது. மேகம் இல்லாத நாளில் மடிப்பு மடிப்பாகத் தெரியும். இந்த ஊர் வருஷா வருஷம் லட்சக்கணக்கான சுவர்களுக்கு மலையை அச்சடித்து அனுப்புகிறது. ஒருவனும் மேற்கே கழுத்தைத் திருப்பியதில்லை. நம் மலையை நாமே போய்ப் போட்டோ பிடித்து, ஓவியரை வைத்து வர்ணம் ஏற்றி, அதைக் காலண்டராக அடித்தால் என்ன? படியிறங்குவதற்குள் எனக்கு அது முழுப் படமாகத் தெரிந்துவிட்டது.

முதலாளியிடம் அன்றைக்கே சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. படங்களை அவர் பார்ப்பது, வத்தல் வியாபாரி வத்தலைப் பார்க்கிற மாதிரி. நிறம் இருக்கிறதா, போகுமா, அவ்வளவுதான். என் நிலைமையும் அவருக்குத் தெரியும். என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியாராக இருந்தவர். பி.ஏ. முடித்த மகன் அச்சாபீஸில் பிழை திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. பாளையங்கோட்டையில் வாத்தியார் டிரெயினிங்குக்கு இடம் பிடித்து வைத்துவிட்டார். ஆனியில் போய்ச் சேரவேண்டும். அதற்குள் அச்சாபீஸில் எனக்கென்று ஒரு இடம் உண்டாகாவிட்டால், ஆயுள் முழுக்க அசோகர் மரம் நட்டதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதலாளி கணக்கைச் சுருக்கமாக முடித்தார்.

“ஆடி பொறந்தா ஆல்பம் ஏஜெண்டுக கைக்குப் போயிரும். அதுல ஒரு பக்கம் ஒனக்குத் தாரேன் தம்பி. படம் தேறிச்சுன்னா டிசைன் வேலைய நீயே பாத்துக்கோ. தேறலைன்னா ஒங்க அப்பா சொல்லுறதக் கேளு.”

ஆல்பம் என்பது அந்த வருஷத்து டிசைன்களை எல்லாம் ஒன்றாகத் தைத்த பெரிய புத்தகம். கடைக்காரர்கள் அதைப் புரட்டி விரல் வைக்கும் படம்தான் மறுவருஷம் முழுக்கச் சுவரில் தொங்கும். அதில் ஒரு பக்கம். எனக்கு அது போதும் என்று நினைத்தேன்.

கார் முதலாளி மகனுடையது. மதுரையில் என்னோடு கல்லூரியில் படித்தவன். அச்சாபீஸுக்குள் அவனை ‘சின்ன முதலாளி’ என்று கூப்பிடுவேன். வாசலைத் தாண்டினால் ‘ஏலே’. பி.ஏ.வை மூன்று தடவை எழுதியும் அதற்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டவன். அவன் காரைக் கொடுக்க ஒரு நிபந்தனை போட்டான். கோயம்புத்தூர் பேப்பர் வியாபாரி ஒருவர் அவனிடம், ஊட்டிக்கு அப்பால் கூடலூர் தாண்டி, தேவாலா, பந்தலூர் என்று ஊர்கள் இருப்பதாகவும், வெள்ளைக்காரன் அங்கே தங்கம் தோண்டியதாகவும் சொல்லியிருக்கிறார். மலையைப் பார்க்க நான் வருகிறேன், தங்கத்தைப் பார்க்க நீ வா என்றான். மலை எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று ஒத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஆள் விருதுநகர் மிளகாய் மண்டிக்காரரின் மகன். அவனும் எங்கள் வகுப்புதான். அவனை யாரும் கூப்பிடவில்லை. கார் போகிறது என்று தெரிந்ததும், தூக்குச்சட்டிகளோடு மண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தான். புளியோதரை, ஒரு டின் சேவு, ஒரு பெரிய கண்ணாடிப் புட்டி நிறைய மிளகாய்ப் பொடி. அந்தப் பொடி எதற்கு என்று கேட்டேன்.

“மலைக்காரன் சோறு சப்புன்னு இருக்கும்லே. ஒறப்பா ஒரு வாய் திங்காம நா எந்த அழகையும் பாக்க மாட்டேன்.”

காமிராவை விருதுநகர் ஸ்டூடியோக்காரரிடம் இரவல் வாங்கினேன். முன்பக்கம் துருத்தி மாதிரி நீளுகிற மடக்குக் காமிரா. மேலே ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும்; அதில் குனிந்து பார்த்துப் படம் பிடிக்க வேண்டும். ஃபிலிம் ஒரே ஒரு ரோல்தான் கிடைத்தது.

மேட்டுப்பாளையம்வரை சொல்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் மாறி மாறித் தூங்கினார்கள், தின்றார்கள். ஓட்டுகிறவன் தூங்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். மலை ஏறத் தொடங்கியதும் முதலாளி மகன் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். மேலே போகப் போக வெளிச்சம் குறைந்து பனிமூட்டமாக மஞ்சு இறங்கியது. அவன் அதைக் கழற்றவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும், எதிரே பஸ் வந்தாலும் வராவிட்டாலும், ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டான். பாக்குத் தோப்புகளும் பாறைகளும் அந்த ஊளையைக் கேட்டுக்கொண்டு நின்றன. பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. தண்ணீருக்காக இறங்கிய இடத்தில் பள்ளத்தாக்கு அப்படியே திறந்து கிடந்தது. தொலைவில் ஒரு அருவி வெள்ளை நூலாக இறங்கிக்கொண்டிருந்தது, சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் காமிராவைத் திறந்து ஒரு படம் எடுத்தேன். முதலாளி மகன் இடுப்பில் கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தான். அவனுக்குள்ளும் ஏதோ ஆகிறது என்று நம்பத் தொடங்கினேன்.

“சூப்பரா இருக்குலே. அப்படியே காலண்டர் மாதிரி இருக்கு” என்றான்.

மண்டிக்காரன் காற்றில் கையை நீட்டி விரல்களைத் தேய்த்துப் பார்த்தான். இந்த ஈரத்தில் வத்தலைப் போட்டால் ஒரே நாளில் பூசணம் பிடித்துவிடும், இங்கே எவன் கோடவுன் கட்டுவான் என்று கேட்டான். அவனைப் பொறுத்தமட்டில் நீலகிரி என்பது தப்பாகக் கட்டப்பட்ட ஒரு கோடவுன். திரும்பி வரும்வரை அந்தக் கருத்தை அவன் மாற்றிக்கொள்ளவில்லை.

ஊட்டியில் சீசன். நம் பக்கத்து ஜனமெல்லாம் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, மஃப்ளரை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, வர்க்கியைக் கடித்தபடி ஏரிக்கரையில் நடமாடிக்கொண்டிருந்தது. குளிரைத் தேடி வந்தவர்கள் குளிர் தங்கள்மீது பட்டுவிடாமல் இருக்க இவ்வளவு பாடுபடுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஏரிக்கரையில் ஒரு போட்டோக்காரர் கடை போட்டிருந்தார். கம்பில் ஒரு திரைச்சீலை கட்டியிருந்தார். திரையில் பனிமலை, நீல ஏரி, மர வீடு. அதே பிஸ்கட் டின்தான், அன்னம் இல்லாமல். குடும்பம் குடும்பமாக வந்து, நிஜ ஏரியையும் நிஜ மலையையும் முதுகுக்குப் பின்னால்கூட விடாமல் மறைத்துவிட்டு, திரைக்கு முன்னால் உட்கார்ந்து படம் பிடித்துக்கொண்டார்கள். முதலாளி மகனும் போய் உட்கார்ந்தான். நல்ல வேளை, என் ஃபிலிம் செலவாகவில்லை.

அடுத்த நாள் காலை பைக்காரா தாண்டி நடுவட்டத்தை நோக்கிப் போனோம். யூகலிப்டஸ் வாசனையும் ஈரமண் வாசனையும் கலந்து காருக்குள் வந்தது. நடுவட்டத்துக்குக் கீழே ஒரு திருப்பத்தில் மலை சட்டென்று முடிந்துவிட்டது. அந்தப் பக்கம் கீழே முழுக்க மஞ்சு. நாங்கள் நிற்கும்போதே அது நடுவில் பிளந்து விலகியது. அடியில் கூடலூரும், அதற்கப்பால் வயநாட்டுக் காடும், ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் மலை முதுகுகளும், கடைசி மலை எது முதல் வானம் எது என்று சொல்லமுடியாத நீலமும் தெரிந்தன. இதற்காகத்தான் வந்தேன் என்று தோன்றியது. காமிரா ஆடாமல் இருக்க முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு, காமிராவின் சின்னக் கண்ணாடியில் குனிந்தேன். மலை முழுக்கச் சட்டத்துக்குள் வந்தது. பின்னாலிருந்து முதலாளி மகனின் குரல் வந்தது.

“ஏலே, கீழ இடம் விட்டியா?”

நான் ஏற்கெனவே விட்டிருந்தேன். கண்ணாடியில் குனிந்த மாத்திரத்தில் என் கை தானாகவே அதைக் கீழே சாய்த்துவிட்டது. ஒரு கடையின் பெயர், அதற்குக் கீழே ஒரு தேதிக்கட்டு. என் கண் அதை அளந்து, அதற்கான இடத்தை ஒதுக்கிவிட்டுத்தான் மலையைப் பார்த்தது. விட்டாச்சு என்று சொல்லிப் பித்தானை அமுக்கினேன். மஞ்சு மறுபடி மூடிக்கொண்டது. அந்த நிமிஷத்தில் எனக்கு அது ஒரு தப்பாகவே தெரியவில்லை. வேலை தெரிந்தவன் என்று என்மேல் ஒரு மரியாதைகூட வந்தது.

தேவாலா என்பது தங்கம் தோண்டிய ஊர் என்றால் நம்ப மாட்டீர்கள். ரோட்டோரம் நாலு கடை, ஒரு டீக்கடை, சுற்றித் தேயிலை. டீக்கடைக்காரர் மலையாளத்துக்காரர், தங்கம் தேடி வருகிறவர்களுக்கு டீ கொடுத்தே ஒரு வீடு கட்டியவர் என்று நினைக்கிறேன், அவ்வளவு உபசாரம். அவர் சொன்ன கதை இது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்த மலை முழுக்கத் தங்கம் என்று யாரோ கிளப்பிவிட, சீமையில் கம்பெனி கம்பெனியாக ஆரம்பித்துப் பங்கு விற்றார்கள். கடல் தாண்டி இயந்திரங்கள் வந்தன. மாட்டையும் ஆளையும் கட்டி அவற்றை மலைமேல் இழுத்தார்கள். பந்தலூரில் பங்களாக்கள், ஓட்டல், குதிரைப் பந்தயம்கூட நடந்ததாம். கடைசியில் மலையைக் குடைந்து எடுத்த தங்கம், குடைந்த கூலிக்குக்கூடக் காணவில்லை. காய்ச்சலில் பாதிப்பேர் போக, மிச்சப்பேர் ஓடிப் போனார்கள். இயந்திரங்கள் காட்டுக்குள் கிடந்து துருப்பிடித்தன.

எனக்கு இதில் ஒன்று உடனே பிடிபட்டது. அந்தக் கம்பெனிக்காரர்களும் எங்கள் சாதிதான். மலையைப் பார்க்கும் முன்பே காகிதத்தில் மலையை அச்சடித்து விற்றுவிட்டார்கள். அந்த வியாபாரம் முழுக்கத் தேடினாலும் லாபம் பார்த்தவன் ஒருவன்தான் இருப்பான்: பங்குப் பத்திரத்தை வளைவு வளைவான பூவேலை ஓரம் போட்டு அச்சடித்துக் கொடுத்த அச்சாபீஸ்காரன். இதை நான் சொன்னபோது முதலாளி மகன், அப்படியானால் அந்தப் பத்திரத்தின் மாதிரி ஒன்று கிடைக்குமா, பார்டர் டிசைனுக்கு ஆகும் என்றான்.

டீக்கடைக்காரர் கைகாட்டிய பாதையில் தேயிலைக்குள் இறங்கி, ஒரு ஓடையைத் தாண்டினோம். ஒரு சரிவில் சுரங்க வாய் இருந்தது. கல் வளைவு, உள்ளே கும்மிருட்டு, வவ்வால் நாற்றம். வாய்க்கு முன்னால் ஒரே சகதி. முதலாளி மகன் வெள்ளைக் கால்சட்டையோடு உள்ளே நுழைந்தான். கொஞ்ச நேரம் கல்லில் கல் மோதுகிற சத்தம் கேட்டது. பிறகு இரண்டு கையிலும் மினுக்குகிற கல்லோடு வெளியே வந்தான். அது காக்காய்ப்பொன். தங்கம் மாதிரி மினுக்கும், நகத்தால் சுரண்டினால் ஏடு ஏடாக உரியும். அதை அவனிடம் சொல்ல எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அவன் அந்த வளைவுக்குக் கீழே, ஒரு காலைப் பாறையில் தூக்கி வைத்து நின்று, ஒரு படம் எடு என்றான். ரோலில் கடைசிப் படம் மிச்சம் இருந்தது. காருக்குப் பெட்ரோல் போட்டவன். எடுத்தேன்.

அமுக்கிய பிறகுதான் அவன் வெள்ளைக் கால்சட்டை முழங்காலுக்குக் கீழே சிவந்துகொண்டே வருவதைப் பார்த்தேன். துணியைத் தூக்கினால், இரண்டு காலிலும் அட்டைகள். கறுப்புத் திராட்சை மாதிரி உப்பித் தொங்கின. எங்கள் ஊர்க் கரிசலில் அட்டையை யார் கண்டது? முதலாளி மகன் முகத்தில் ரத்தம் இல்லை, காலில்தான் இருந்தது. டீக்கடைக்காரர் சுண்ணாம்பு தருவார், மேலே ஏறுவோம் என்று நான் சொல்வதற்குள் மண்டிக்காரன் ஓடிப் போய்க் காரிலிருந்து மிளகாய்ப் பொடிப் புட்டியைக் கொண்டுவந்துவிட்டான்.

“அசையாத மாப்ளே. எங்க மண்டிச் சரக்கு. இதத் தாங்குற உசுரு ஒலகத்துல கெடையாது.”

கைநிறைய அள்ளி இரண்டு காலிலும் அப்பினான். அட்டைகள் விழுந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அட்டை கடித்த வாய் மூடாது, ரத்தம் வந்துகொண்டேயிருக்கும். அந்த வாய்களுக்குள் விருதுநகரின் முதல் தரக் காரம் இறங்கியது. முதலாளி மகன் ஓடைக்குள் குதித்து உட்கார்ந்துகொண்டான். அவன் அங்கே இருந்து எங்கள் இரண்டு பேரின் பாட்டன் பூட்டன்வரை எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினான். மண்டிக்காரன் கரையில் நின்று, எரிகிறதென்றால் சரக்கு சுத்தம் என்று அர்த்தம், செங்கல் தூள் கலந்திருந்தால் இப்படி எரியாது என்று அவனுக்கு ஆறுதல் சொன்னான்.

பந்தலூருக்குப் போனோம், திரும்பினோம். அங்கே பங்களாவின் சுவர் ஒன்று மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. காரை நிறுத்தச் சொன்னேன். காலை வெளியே நீட்டிக்கொண்டிருந்த முதலாளி மகன் மறுத்துவிட்டான். மண்டிக்காரன்தான் காரை ஓட்டினான். வளைவுகளில் அவன் ஹாரன் அடிப்பதில்லை; வாயால் கத்தினான்.

ஸ்டூடியோக்காரர் படங்களைக் கழுவிக் கொடுத்த அன்று, சிவகாசி பஸ்ஸுக்குள் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். ஊட்டி ஏரி: மேலே ஒரு நாடா அகலத்துக்கு ஏரி, கீழே குதிரைச் சாணம். அருவி: மேல் விளிம்பில் ஒரு கீறல், கீழே எங்கள் கார் மட்கார்டும் மண்டிக்காரனின் செருப்புக் காலும். நடுவட்டத்துப் படம் உறையின் அடியில் இருந்தது. தார்ரோடு. தாள் முழுக்கத் தார்ரோடு. அதற்கு மேலே ஒரு கைப்பிடிச் சுவர். சுவருக்கு மேலே, தேய்ந்த சோப்பு அளவுக்கு, நான் பார்த்த அத்தனை மலைகளும். கடைப் பெயரும் தேதிக்கட்டும் ஒட்டுவதற்கு அந்த ரோட்டைப்போல விசாலமான இடம் இந்தியாவிலேயே கிடைக்காது.

ஓவியர் தூரிகையால் கீழே வெற்றிடம் விடும்போது மலையைச் சேர்த்து மேலே ஏற்றிவிடுகிறார். மலை அவருக்குச் சொன்னபடி கேட்கும். நிஜ மலை கேட்காது. இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியக்கூடியது. கீழ்ப்பாதியை இன்னொருவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உலகத்தையே பார்க்கிற கண்ணுக்கு மட்டும் தெரியாது. அந்தக் கண்ணை ஊரெல்லாம் கிண்டல் செய்துகொண்டு திரிந்தேன்; அது என் முகத்தில்தான் இருந்தது.

முதலாளி படங்களை மேஜைமேல் பரப்பினார். ஓவியரும், பக்கத்தில் காலில் கட்டோடு அவர் மகனும் நின்றார்கள்.

“மலை எங்க தம்பி?”

“மேல இருக்கு, மொதலாளி.”

“இதுவா? அளுக்குன்னுல்ல நெனச்சேன்.”

பிறகு அவர் விரல் ஒரு படத்தில் போய் நின்றது. சுரங்க வாய்ப் படம். இருட்டு வளைவு நட்டநடுவில் கச்சிதமாக விழுந்திருந்தது. கீழே அகலமாகச் சகதி. அவர் அதைத் தூக்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். ஓவியர் எட்டிப் பார்த்து, ஆளை எடுத்துவிட்டு அந்த வளைவுக்குள் லட்சுமியை நிறுத்திவிடலாம் என்றார். கையிலிருந்து பொற்காசு கொட்டட்டும், இரண்டு பக்கமும் யானை போடு, நகைக்கடைக்காரன் விடமாட்டான் என்றார் முதலாளி.

“யப்பா, அதுல நிக்கிறது நான்” என்றான் மகன்.

“தெரியுது. நீ தள்ளு.”

அந்தப் பயணம் முழுவதிலும் எனக்கு மனசு குளிர்ந்த இடம் அது ஒன்றுதான். அதுவும் நிலைக்கவில்லை. முதலாளி என் பக்கம் திரும்பி, ஒனக்குச் சொன்ன பக்கம் தந்தாச்சு என்றார். அது தங்கமே இல்லாத குகை, கம்பெனி கம்பெனியாக மூழ்கிய இடம், அதைப் போய் நகைக்கடைக்காரன் சுவரில் மாட்டுவதா என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“லட்சுமி நிக்கால்ல? அப்புறம் எப்படித் தம்பி தங்கம் இல்லாமப் போகும்?”

ஓவியர் அன்றே வேலையைத் தொடங்கிவிட்டார். சகதியில் தாமரை வரைந்தார்.

வீட்டில் அப்பா, ஆல்பத்தில் பக்கம் கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றேன்.

“அதுல ஒன் மலை இருக்கா?”

“இல்ல.”

“அப்பப் பாளையங்கோட்டைக்குப் பெட்டியக் கட்டு.”

லட்சுமியைக் காட்டி வேலையை வைத்துக்கொள்ளலாம். முதலாளி அதற்குத் தயார். டிசைன் மேஜையில் நாற்காலியும் போட்டுவிட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், நாளைக்கு அடுத்த பிஸ்கட் டின் மூடியை நான்தான் தேடிக் கொடுக்கவேண்டும். அதற்குக் கரும்பலகையே மேல். மூன்று நாள் இரண்டையும் திட்டிக்கொண்டு திரிந்துவிட்டு முதலாளியிடம் போய், அது என் பக்கம் இல்லை, எனக்கு என் பக்கம் வேண்டும் என்று சொன்னேன். பிழை திருத்துகிறவன் இப்படிப் பேசுவதை அவர் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆல்பத்துல இனி இடம் கெடையாது. தனித்தாளா ஒண்ணு அடிச்சுத் தாரேன். அதத் தூக்கிக்கிட்டு நீயே கடை கடையாப் போ. ஒரே ஒரு கடைக்காரன் ஆர்டர் குடுத்துட்டான்னா, அடுத்த வருசம் ஒம் பக்கம் ஒனக்கு. குடுக்கலைன்னா டிரெயினிங்குக்கு நானே டிக்கெட் எடுத்துத் தாரேன்.”

அப்பாவிடம் ஆனி கடைசிவரை தவணை கேட்டேன். அவர் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது வேலை நடந்துகொண்டிருக்கிறது. தேதிக்கட்டைப் படத்தின்மேல் ஒட்டினால்தானே கீழே இடம் விடவேண்டும்? அட்டை வெட்டுகிற பகுதியில் மிச்சம் விழுகிற துண்டை வாங்கி, அதில் கடைப் பெயரையும் தேதிக்கட்டையும் தனியாக ஒட்டி, படத்துக்கு அடியில் இரண்டு வளையத்தில் தொங்கவிட்டுப் பார்த்தேன். முதல் அட்டை வளைந்து கிழிந்தது. இரண்டு துண்டை ஒட்டித் தடிப்பாக்கிய பிறகு தாங்குகிறது. ஓவியர் அதைப் பார்த்து, சுவரில் காலண்டரா மாட்டுகிறாய், தொட்டிலா என்று கேட்டுவிட்டுப் போனார்.

படம் மட்டும்தான் இல்லை. செங்கோட்டைப் பக்கம் சாரல் தொடங்கிவிட்டதாம். சனிக்கிழமை விருதுநகரில் ரயில் ஏறி, செங்கோட்டை தாண்டி, மலைக்குள் குகையும் பாலமுமாகப் பாதை போகிற இடத்தில் ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கப் போகிறேன். செய்தி கேட்டு இரண்டு நண்பர்களும் வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்று பதில் சொல்லியிருக்கிறேன். ஸ்டூடியோக்காரர் காமிராவைத் தந்துவிட்டார். இந்த முறை குனிந்து பார்த்ததும் முதலில் சட்டத்தின் அடிவிளிம்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். ரோடு தெரிந்தால், ரோடு போகும்வரை காமிராவை நிமிர்த்துவேன். அப்புறம்தான் பித்தான்.

படம் தேறித் தனித்தாளாக அடித்ததும், அதைச் சுருட்டிக்கொண்டு முதலில் சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற மருந்துக்கடைக்குப் போவதாக இருக்கிறேன். அந்தக் கடைச் சுவரில் போன வருஷத்துக் காலண்டர் மாட்டிய ஆணி சும்மா இருக்கிறது.